ஆலை கேட் அருகில்

ஸ்டெதாஸ்கோப், இதயம், கடற்கரைக் கோயில், பச்சை இலை. இவ்வளவையும் ஒரே லோகோவுக்குள் திணிக்கச் சொன்ன ஆளை அன்றைக்கே கடையை விட்டுத் துரத்தியிருக்க வேண்டும். துரத்தவில்லை. வேலை அப்படிப்பட்ட வேலை. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடலோரம் வரைக்கும் உள்ள டாக்டர்கள், ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு மருத்துவக் கையேடு கொண்டுவரப் போகிறார்களாம், பெயர் ‘செங்கை நலம்’. லோகோ, வழவழப்பான தாளில் ஒரு பத்திரிகை, கூடவே ஓர் இணையதளம், மூன்றையும் நான்தான் செய்து கொடுக்க வேண்டும். செங்கல்பட்டில் டிசைன் கடை வைத்துக் காதுகுத்து பேனரும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் போட்டுப் போட்டு அலுத்துக் கிடந்த எனக்கு ஆசை வந்துவிட்டது.

அந்த ஆள் கலையரசன். செங்கல்பட்டில் விளம்பர ஏஜென்சி வைத்திருக்கிறார். போனைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவார், எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டார். என் பெயர் சாராள் என்று கடை போர்டிலேயே எழுதியிருக்கிறது, ஆனாலும் அவருக்கு நான் கடைசிவரை ‘யம்மா’தான். நாடித் துடிப்புக் கோடு ஒன்று போய்ப் போய்க் கடல் அலையாக முடிகிற மாதிரி நான் வரைந்து காட்டியதைப் பார்த்து, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது என்றார். உங்கள் லோகோ திருவிழாக் கடை மாதிரி இருக்கிறது என்று நானும் சொன்னேன். ஒரு வாரம் மாற்றி மாற்றிக் கத்தியதில் கோயில் போனது, இதயம் போனது. இலையை மட்டும் அவர் கடைசிவரை விடவில்லை, பாழாய்ப்போன இலை.

அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்தது ஒரே ஒரு விஷயத்துக்குத்தான். நம் பக்கத்தில் கதவு எண்ணை வைத்து யார் எந்த வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்? எதிரில், பின்புறம், அருகில், இவ்வளவுதான் விலாசம். அதனால் ஒவ்வொரு டாக்டர் பெயருக்கும் கீழே ‘அடையாளம்’ என்று தனி வரி கொடுத்து, அதை மட்டும் பச்சையில் தடித்த எழுத்தில் வைத்தேன். பத்திரிகைக்கும் இணையதளத்துக்கும் ஒரே அட்டவணை. அதில் ஒரு வரியை மாற்றினால் இரண்டிலும் மாறிவிடும். இது நல்லா கீது என்றார், போனைப் பார்த்தபடியே.

விவரம் சேகரித்துக் கொண்டுவருவது சிங்காரம் வேலை. நெம்மேலிக்கு அந்தப் பக்கம் மீனவக் குப்பத்துக்காரர், கலையரசனுக்கு விளம்பரம் பிடித்துக் கொடுப்பவர். பைக்கில் திருப்போரூர், மாமல்லபுரம், மதுராந்தகம் என்று சுற்றிவிட்டு வந்து, என் மேஜை மேல் காகிதங்களைக் கொட்டிவிட்டு, டீ வரும்வரை யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார். அப்படிக் கொட்டிய காகிதங்களில் ஒன்று என் தங்கை ரூத்துடையது.

ரூத் எம்.பி.பி.எஸ். படித்தவள். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டராக இருந்தவள், அதை விட்டுவிட்டுப் படாளத்தில் அம்மா இருக்கிற எங்கள் வீட்டு முன்னறையிலேயே கிளினிக் திறந்தாள். எங்கள் வீடு இருப்பது காலனியில். எங்கள் பக்கத்தில் ஊர் என்றால் ஒன்று, காலனி என்றால் இன்னொன்று. நடுவில் ஒரு சின்ன மதகு இருக்கிறது, அவ்வளவுதான் தூரம். காலனிக்காரர்கள் ரூத்திடம் வந்தார்கள். பக்கத்துக் காலனிகளிலிருந்தும் வந்தார்கள். ஊரிலிருந்து ஒருவர்கூட மதகைத் தாண்டி வரவில்லை. காய்ச்சல் கண்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசல் வழியாகவே மதுராந்தகம் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். இப்படியே போனால் போர்டைக் கழற்றிவிட்டுச் சென்னைக்கே திரும்பிப் போய்விடுவேன் என்று ரூத் சொல்ல ஆரம்பித்திருந்தாள். அந்த போர்டு இறங்கக் கூடாது. இந்தக் கையேட்டு வேலையில் எனக்கென்று இருந்த ஒரே வேண்டுதல் அதுதான்.

அவள் அடையாள வரியை நான்தான் அடித்தேன். ‘படாளம் காலனி, சர்ச் எதிரில்.’ முதல் தடவை பக்கங்களைப் பார்க்க வந்த கலையரசனின் விரல் நேராக அங்கே போய் நின்றது.

“இந்த எண்ட்ரி இன்னாம்மா இப்டி கீது?”

எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

“காலனின்னு எதுக்கு? ஆலை கேட் அருகில்னு போடு. அந்தப் பொண்ணுக்கும் நல்லது, புக்குக்கும் நல்லது. காசு போட்டு விளம்பரம் குடுக்கறவன் பக்கத்தைப் பொரட்டும்போது மூஞ்சி சுளிக்கக்கூடாது பாரு.”

அந்தப் பொண்ணு என் கூடப்பிறந்தவள் என்றேன். அப்போதுதான் முதல் தடவையாகப் போனிலிருந்து தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, நான் தப்பா ஒண்ணும் சொல்லலயே என்றார். சர்க்கரை ஆலை கேட் ஒரு மூலை, சர்ச் ஒரு மூலை, போகிறவன் எப்படிக் கண்டுபிடிப்பான் என்று கத்தினேன். போன் நம்பர் எதற்கு இருக்கிறது, கேட்டுக்கொண்டு போவான் என்றார். மாற்ற முடியாது என்றேன். அவர் என் கடையில் என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே ரூத்துக்குப் போன் போட்டார். அவள் சரி என்றுவிட்டாள்.

சாயங்காலம் படாளத்துக்குப் போய் அவளைப் பிடித்து உலுக்கினேன். வெட்கமாக இல்லையா, படித்த படிப்பெல்லாம் இதற்குத்தானா என்று கேட்டேன். அவள் குரலை உயர்த்தாமல் ஊசி ட்ரேயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருக்கும்போதுதான் அவள் அப்படித் துடைப்பாள்.

“எனக்கு பேஷன்ட் வேணும்க்கா. சண்டை வேணாம். சண்டை உனக்குத்தான் வேணும்.”

என் கையாலேயே மாற்றினேன். ‘ஆலை கேட் அருகில்.’ பச்சையில், தடித்த எழுத்தில்.

இணையதளத்தைச் சோதனைக்காக முதலில் திறந்துவிட்டோம். அந்த வாரமே ரூத்துக்கு ஒரு போன் வந்தது. ஒரு பெண் பேசினாள். ஆலை கேட்டில் நிற்கிறோம், உங்கள் கிளினிக் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அவள் பேச்சுக்குப் பின்னால் ஒரு குழந்தை மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. விசில் மாதிரி இழுப்பு, போனிலேயே கேட்டதாம். ரூத் அவசர அவசரமாக வழி சொல்லியிருக்கிறாள். நேராக வாருங்கள், மதகைத் தாண்டுங்கள், சர்ச்சுக்கு எதிரே. அந்தப் பக்கம் ஓர் ஆணின் குரல், அது காலனியாச்சே என்றது. அப்புறம் அந்தப் பெண், சரி மேடம், இன்னொரு நாள் வர்றோம் என்றாள். ரூத் நெபுலைசர் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு ஆலை கேட்டுக்குப் பறந்திருக்கிறாள். அவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள். டீக்கடைக்காரரிடம் கேட்டால், பைக்கில் மதுராந்தகம் பக்கம் போனார்கள் என்றாராம்.

இதை அவள் என்னிடம் போனில்தான் சொன்னாள். அழவில்லை. மூச்சு இழுக்கிற குழந்தையை வைத்துக்கொண்டு திரும்பிப் போகிறவர்களை எந்த அடையாளத்தைப் போட்டு வரவைப்பாய் என்று கேட்டாள்.

“என் பேரை எடுத்துடுக்கா. மாசக் கடைசியில நான் போர்டை இறக்கிடறேன்.”

எனக்கு எரிந்தது. கலையரசன் மேல் எரிந்தது, அந்தப் புருஷன் பெண்டாட்டி மேல் எரிந்தது, இதற்கெல்லாம் அழாமல் பேசுகிற ரூத் மேலும் எரிந்தது. அவள் பெயரை எடுக்கத்தான் அட்டவணையைத் திறந்தேன். எடுக்கவில்லை. அடையாள வரிகளை மேலிருந்து கீழே படித்தேன். பிள்ளையார் கோயில் எதிரில். நகைக்கடை பின்புறம். கல்யாண மண்டபம் அருகில். ரிசார்ட் அருகில். இணையதளத்துக்காக ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் வரைபடத்தில் புள்ளி வைத்திருந்தேன் இல்லையா, அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். நகைக்கடைக்குப் பின்னால் இருப்பதாகச் சொன்ன ஆஸ்பத்திரியின் மதிலை ஒட்டி ஒரு காலனி. மண்டபத்துக்குப் பக்கத்து கிளினிக்குக்கு நேர் எதிரே காலனி நுழைவாயில், கம்பிக் கூண்டுக்குள் அம்பேத்கர் சிலை. எல்லாரும் வண்டியைத் திருப்புவது அந்தச் சிலையைப் பார்த்துத்தான், ஆனால் ஒருவர்கூட அதை விலாசத்தில் எழுதவில்லை. ஊர் என்று ஒன்று இருந்தால் காலனி இல்லாமலா இருக்கும்? கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் எல்லா டாக்டருக்கும் ஒரு காலனி இருந்தது. ஒவ்வொரு அடையாள வரியையும் அழித்துவிட்டு, பக்கத்துக் காலனியின் பெயரை அடிக்க ஆரம்பித்தேன்.

சந்தேகமான இடங்களுக்கு அம்மாவைப் போனில் உட்காரவைத்தேன். எங்கள் அம்மா மேரிக்கு உறவோ சபைச் சினேகிதமோ இல்லாத காலனி இந்த மாவட்டத்தில் கிடையாது. அம்மா முதலில் யார் வீட்டில் கல்யாணம், யாருக்குப் பேறுகாலம் என்று எல்லாம் விசாரித்து முடித்துவிட்டு, கடைசியில்தான் அந்த ஆஸ்பத்திரி உங்க தெருவுலேர்ந்து எவ்வளவு தூரம் என்று கேட்பார். எனக்குப் பொறுமை போய்விடும். ஆனால் கேட்டு வாங்கிக் கொடுத்தது எல்லாம் சரியாக இருந்தது.

பாதி மாற்றிக்கொண்டிருக்கும்போது சிங்காரம் உள்ளே வந்துவிட்டார். திரையை மறைக்க நேரமில்லை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தார். போச்சு, நேராகக் கலையரசனிடம் போய் ஊதிவிடுவார் என்று நினைத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று சண்டைக்குத் தயாராக எழுந்து நின்றேன்.

“குப்பத்தை உட்டுட்டியேம்மா” என்றார்.

எந்தக் குப்பம் என்று கேட்டேன்.

“ரோட்டாண்ட கீறாரே கண்ணு டாக்டரு, ரிசார்ட் அருகில்னு போட்டுகினு கீறாரு. ரிசார்ட்டு நேத்து வந்துது. எங்க குப்பம் எப்பலேர்ந்து கீது? மீன் மட்டும் இங்கேர்ந்து வேணும், அட்ரஸ்ல வேணாமா? அதைப் போடு.”

கடலோரத்து டாக்டர்களுக்கெல்லாம் குப்பம் போட்டோம். அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ஒரு போன் நம்பரைத் தொடவில்லை, ஒரு பட்டத்தைத் தொடவில்லை. ஒரு வரிகூடப் பொய் இல்லை. ரூத்தின் வரியைக் கடைசியாக மாற்றினேன். ‘படாளம் காலனி, சர்ச் எதிரில்.’

அச்சுக்குப் போவதற்கு முன் முழுப் பத்திரிகையையும் தாளில் எடுத்துக் கலையரசன் முன்னால் வைத்தேன். படித்துப் பாருங்கள் சார் என்று வாய்விட்டுத்தான் சொன்னேன். அவர் விளம்பரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். முதல் பக்கத்தில் தன் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார், முகத்தை இன்னும் கொஞ்சம் கலராக்கு என்றார். நடுவில் டாக்டர் பட்டியலைக் கட்டைவிரலால் சர்ரென்று விட்டார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வெளியீட்டு விழா மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட் மண்டபத்தில், ஞாயிற்றுக்கிழமை காலை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கடல். குளிர்சாதனம் பற்கள் கிடுகிடுக்கிற அளவுக்கு. மேடையில் என் லோகோ, அந்த இலையோடு. ரூத் வர மாட்டேன் என்றுதான் சொன்னாள், அம்மா விடவில்லை. கடைசி வரிசையில் கைப்பையை மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அட்டவணையை மாற்றியதை நான் அவளிடம் சொல்லவில்லை. விளக்கேற்றினார்கள், இணையதளத்துக்கான பொத்தானை அழுத்தினார்கள், கைதட்டினார்கள். சிங்காரம் தங்க நிறப் பையில் ஆளுக்கு ஒரு புத்தகம் கொடுத்துக்கொண்டே போனார்.

இந்த மாதிரிக் கூட்டத்தில் யாரும் புத்தகத்தை முதலிலிருந்து படிக்க மாட்டார்கள். அவரவர் பெயர் எங்கே என்று தேடித் திறப்பார்கள். திறந்தார்கள். முதலில் முன்வரிசையில் ஒரு பேச்சு நின்றது, அப்புறம் அடுத்த வரிசையில். பக்கம் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பக்கத்தில் இருப்பவருக்கும் அப்படித்தானா என்று எட்டிப் பார்த்துக்கொண்டார்கள். கலையரசன் மைக்கில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார். யாரோ ஒருவர் அவர் கையில் புத்தகத்தைத் திறந்து கொடுத்தார். படித்துவிட்டு, மேடையை விட்டு இறங்கி நேராக என்னிடம் வந்தார். அந்தக் குளிரிலும் அவருக்கு வியர்த்திருந்தது.

“இன்னாம்மா பண்ணி வெச்சிருக்க?”

எந்தப் பக்கம் சார் என்று கேட்டேன். எல்லாப் பக்கமும்தான் என்றார்.

“எது தப்புன்னு சொல்லுங்க சார். இப்பவே திருத்திடறேன்.”

வாயைத் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். சிங்காரம் மிச்சப் பைகளைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். டீ பரிமாறிக்கொண்டிருந்த பெண் நின்றுவிட்டாள். சொல்ல வேண்டிய வார்த்தை அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். என் கடையில் உட்கார்ந்து எவ்வளவு சுலபமாகச் சொன்னார் அதை. இப்போது வரவில்லை. நான் காத்திருந்தேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு பொறுமையாக எதற்கும் காத்திருந்ததில்லை.

செங்கல்பட்டில் பெரிய பிரசவ ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் ராஜம் எழுந்து வந்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

“எங்க ஆஸ்பத்திரிக்கு லேண்ட்மார்க் நகைக்கடை. எப்பவும் அதுதான். இந்த... இதை யார் போட்டது?”

“அதை நாங்க போடல டாக்டர். உங்க மதிலுக்குப் பின்னாடி அது எப்பவோலேர்ந்து இருக்குது. உங்க ஆயாம்மா எல்லாரும் அங்கேர்ந்துதான் காலைல வேலைக்கு வர்றாங்க” என்றேன்.

அவர் புத்தகத்தை மூடி, பையில் போட்டு, பையை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே போனார். அவருக்குப் பின்னால் நிறையப் பேர் போனார்கள். சாப்பாட்டுக்கு நின்றவர்கள் கொஞ்சம் பேர்தான். புத்தகத்தையெல்லாம் திருப்பி வாங்கச் சொல்லி சிங்காரத்துக்கு உத்தரவு வந்தது. அவர் வாங்கவில்லை, எனக்குக் கை வலிக்குது நைனா என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கலையரசன் அன்றைக்கே இணையதளத்தில் அடையாள வரியையே தூக்கினார். பழைய வரிகளைத் திரும்பப் போட்டால் ஏன் மாற்றினாய் என்று யாராவது கேட்பார்கள் இல்லையா, அந்தப் பயம். வேறு ஆளை வைத்துப் புத்தகத்தை மறுபடி அடித்தார், அதில் எந்த டாக்டருக்கும் அடையாளம் இல்லை. என் கடைப் பக்கம் அவர் வரவில்லை, வந்தால் நானும் உட்காரவைத்திருக்க மாட்டேன். அவருக்கு வேண்டியவர்கள் யாரும் இப்போது என்னிடம் ஒரு விசிட்டிங் கார்டுகூட அடிப்பதில்லை. போகட்டும்.

ரூத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மாமல்லபுரத்திலிருந்து வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். செங்கல்பட்டில் இறங்கும்போது சொன்னாள்.

“எனக்காகப் பண்ணேன்னு மட்டும் சொல்லாத. உன் ஆத்திரம், நீ தீத்துக்கிட்ட. நாளைக்கு என் கிளினிக்குக்கு எவன் வருவான்?”

உனக்காகத்தான் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். அவள் கேட்டதில் பாதி நியாயம் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. அப்புறம் அவள் என்னிடம் பேசவில்லை. சென்னை ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போட்டுவிட்டாள், பதிலும் வந்துவிட்டது என்று அம்மாதான் சொன்னார்.

மாசக் கடைசியில் படாளத்துக்குப் போனேன். போர்டைக் கழற்றுவதென்றால் என் கண் முன்னால் கழற்றட்டும் என்றுதான் போனேன். ரூத் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டும் பார்க்காத மாதிரி இருந்தாள். அப்போது அவள் போன் அடித்தது.

எடுத்துக் காதில் வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அந்தப் பக்கம் ஒரு பெண் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பது எனக்கே கேட்டது. ரூத்தின் காதில் விழுந்தது அது அல்ல. அதே விசில் மூச்சு.

“காலனி. சர்ச்சுக்கு எதிர்ல. போன தடவை திரும்பிப் போனீங்களே, அதே எடந்தான்” என்றாள். ரூத் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “புள்ள ஒதடு என்ன கலர்ல இருக்குன்னு பாரு. நீலமா இருந்தா மதுராந்தகம் வரைக்கும் தாங்காது. வர்றதுன்னா இப்ப வா.”

போனை வைத்துவிட்டுக் அலமாரியைக் காலி செய்து கட்டி வைத்திருந்த நெபுலைசர் பெட்டியைப் பிரித்தாள். நான் கைகொடுக்கப் போனேன், தள்ளிவிட்டாள். மதகுப் பக்கம் ஒரு பைக் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. வந்துவிட்டார்கள்.

அந்தப் பெண் குழந்தையை ரூத்தின் கையில் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. புருஷன் உள்ளேயே வரவில்லை, வாசலில் நின்று சர்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரூத் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு குழந்தையின் மார்பைப் பார்த்தபடியே இருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்த விசில் அடங்கியது. குழந்தை மாஸ்க்கைப் பிடுங்கப் பார்த்தது, பிறகு ஓங்கி அழுதது. அந்த அழுகையைக் கேட்டதும் அந்தப் பெண் அப்படியே சரிந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை.

ரூத் மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். நான் டிசைன் செய்து அடித்துக் கொடுத்த சீட்டுதான். மேலே பட்டையாக அவள் பெயர், படிப்பு, அதன் கீழே படாளம் காலனி, சர்ச் எதிரில். அந்தப் பெண் சீட்டை வாசலில் நின்றவனிடம் கொடுத்தாள். அவன் வாசித்தான். மேல்பட்டையைப் பின்பக்கமாக மடித்து, நகத்தால் ஒரு தேய் தேய்த்து, நேராகக் கிழித்தான். மருந்து எழுதிய பகுதியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கிழித்த பட்டையை எங்கள் ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டான். பட்டை பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் அவள் கையிலிருந்த தண்ணீர் டம்ளரையும் வாங்கி வைத்தான்.

எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததென்று தெரியாது, ஏய் என்று எழுந்துவிட்டேன். ரூத் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். மூணு நாள் கழித்துக் கூட்டிக்கொண்டு வா என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். அவள் தலையாட்டினாள். பைக் மதகைத் தாண்டிப் போனது.

ரூத் போய் டம்ளரைத் தூக்கி அந்தப் பட்டையை எடுத்தாள். ஈரமாகியிருந்தது. தன் பெயரையே கொஞ்ச நேரம் படித்துக்கொண்டிருந்துவிட்டு, ஊசி ட்ரேயை எடுத்து வைத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

“அடுத்த தடவை சீட்டு அடிக்கும்போது அட்ரஸை மேல போடாதக்கா. நடுவுல போடு. பக்கம் முழுக்க, வெளிர் பச்சையில, பெருசா. அது மேலயே நான் மருந்து எழுதறேன். கிழிக்கணும்னா மருந்தையும் சேத்துக் கிழிக்கட்டும்.”

எத்தனை சீட்டுப் புத்தகம் அடிப்பது என்று கேட்டேன். நிறைய அடி என்றாள்.